பிரியாவிடைத் தொகுப்பின் எந்தப் பதிப்பை வாங்குவது? சைமன் – கார்ஃபங்கல் மறுவெளியீடுகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்கப் பாடகர்களான பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் இணைந்து வெளியிட்ட ஐந்தாவதும் கடைசியுமான ஸ்டுடியோ பாடல் தொகுப்பு ‘பிரிட்ஜ் ஓவர் டிரபுள்ட் வாட்டர்’. 1970 ஜனவரி 26 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இந்த எல்பி (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு), அமெரிக்கப் பட்டியலில் பத்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பிரிட்டனில் 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மிக அதிகமாக விற்ற தொகுப்பும் இதுதான். 1971 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த தொகுப்பு என்ற விருதை இது பெற்றது. இதன் தலைப்புப் பாடல் ஆண்டின் சிறந்த பாடலுக்கும் சிறந்த இசைப்பதிவுக்குமான விருதுகளைப் பெற்றது. இத்தனை புகழ் பெற்ற ஒன்று ஒரே வடிவத்தில் நின்றுவிடுவதை இசை நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. பழைய எல்பி, இரண்டு கூடுதல் பாடல்களுடன் 2001இல் வந்த ரீமாஸ்டர் (ஒலியை மீண்டும் செப்பனிட்ட) சிடி, நேரடி நிகழ்ச்சிப் பதிவும் டிவிடியும் சேர்ந்த 2011ஆம் ஆண்டின் நாற்பதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு, ஒலி நுணுக்கத்தையே குறியாகக் கொண்டவர்களுக்காக மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் வெளியிட்ட, நிமிடத்துக்கு 45 சுழற்சியில் ஓடும் இரட்டை எல்பி என்று நான்கு வடிவங்கள் இன்று வாங்குபவரின் முன்னே இருக்கின்றன. இவற்றுள் எது மேலானது என்பதில் கேட்பவர்களின் கருத்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அவர்கள் ஒரே கேள்விக்கு விடை தேடவில்லை என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒருவர் பாடல்களை வாங்குகிறார், இன்னொருவர் ஒலியை வாங்குகிறார், வேறொருவர் ஒரு பிரிவின் வரலாற்றை வாங்குகிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இது விடைபெறும் நோக்கத்துடன் செய்யப்பட்ட தொகுப்பு அன்று. இருவரும் எந்த அறிவிப்பும் செய்யவில்லை. 1970 ஜூலையில் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் அரங்கில் பாடினார்கள், அத்துடன் தனித்தனியே போனார்கள். ஆனால் தொகுப்பு உருவான சூழலிலேயே விரிசல் இருந்தது. மைக் நிக்கல்ஸ் இயக்கிய ‘கேட்ச்-22’ படத்தில் நடிப்பதற்காகக் கார்ஃபங்கல் மெக்சிகோவில் நீண்ட நாட்கள் தங்க நேர்ந்தது. அதே படத்தில் சைமனுக்கு எழுதப்பட்டிருந்த பாத்திரமோ நீக்கப்பட்டது. நண்பன் படப்பிடிப்பில் இருக்க, நியூயார்க்கில் தனித்து விடப்பட்டவனின் மனநிலையில் சைமன் எழுதியதுதான் ‘தி ஒன்லி லிவிங் பாய் இன் நியூயார்க்’. பாட்டில் விளிக்கப்படும் டாம் கார்ஃபங்கல்தான்; பதின்பருவத்தில் இருவரும் டாம் அண்ட் ஜெர்ரி என்ற பெயரில் பாடிய காலத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. கட்டடக் கலை படித்த கார்ஃபங்கலுக்காக எழுதப்பட்ட ‘சோ லாங், ஃபிராங்க் லாயிட் ரைட்’ பாடலையும் இப்போது கேட்கும் எவரும் அதை ஒரு கட்டடக் கலைஞருக்கான விடைபெறுதலாக மட்டும் கேட்பதில்லை. தனக்கே எழுதப்பட்ட பிரியாவிடையைக் கார்ஃபங்கலே பாடுகிறார். ஆகவே இந்தத் தொகுப்பைப் பிரியாவிடையாக மாற்றியது பின்னால் நடந்தவை. மறுவெளியீடுகளுக்கு இடையிலான உண்மையான வேறுபாடும் இங்கேதான் தொடங்குகிறது. சில பதிப்புகள் அந்தப் பின்கதையைக் கேட்பவரின் கற்பனைக்கு விட்டுவிடுகின்றன. சில அதைப் பெட்டிக்குள் வைத்தே விற்கின்றன.

எந்தப் பதிப்பை எடுத்தாலும் அடிப்படையில் இருப்பவை ஏறத்தாழ முப்பத்தேழு நிமிடம் ஓடும் பதினொரு பாடல்கள். பன்னிரண்டாவதாகச் சேர வேண்டிய இடத்திற்கு ‘கியூபா சீ, நிக்சன் நோ’ என்ற அரசியல் பாடலைச் சைமன் முன்வைத்தார். கார்ஃபங்கல் அதை மறுத்து ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் பாணியிலான கோரல் (தேவாலயச் சேர்ந்திசை) ஒன்றை விரும்பினார். முடிவில் இரண்டும் சேரவில்லை. கேட்பவர்களுள் பலர் இந்தப் பதினொன்றும் ஒரே தரத்தில் இல்லை என்று சொல்வதை மறுக்க எனக்கு மனமில்லை. ‘ஒய் டோன்ட் யூ ரைட் மீ’ நிரப்புப் பாடல் என்ற குறை அடிக்கடி எழுகிறது, அது நியாயமானதே. அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் மேடையில் பதிவான எவர்லி சகோதரர்களின் ‘பை பை லவ்’ ஏன் ஒரு ஸ்டுடியோ தொகுப்பின் நடுவே இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது குறையை நான் ஏற்கவில்லை. இளமையில் எந்த இரட்டையரைப் பார்த்து இவர்கள் சேர்ந்து பாடக் கற்றார்களோ அந்த இரட்டையரின் பாடலை, கூட்டத்தின் கைதட்டலையே தாளமாகக் கொண்டு பாடிவிட்டு, அந்த ஆரவாரம் அடங்கியதும் சைமன் ஏறக்குறையத் தனித்துப் பாடும் ‘சாங் ஃபார் தி ஆஸ்கிங்’ என்ற சின்னஞ்சிறு பாடலோடு தொகுப்பை முடிப்பது, திட்டமிட்டதோ இல்லையோ, மிகச் சரியான முடிவாக அமைந்துவிட்டது. முந்தைய தொகுப்பான ‘புக்எண்ட்ஸ்’ கட்டமைப்பில் இதைவிட இறுக்கமானது என்பவர்களுடன் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் குரல்களும் பதிவுக் கலையும் எட்டிய உயரத்தில் இதற்கு அது ஈடாகாது.

பதிவுக் கலை என்று சொல்லும்போது ராய் ஹேலியின் பெயரைச் சொல்லாமல் பதிப்புகளை ஒப்பிட முடியாது. இருவருடன் சேர்ந்து தயாரிப்பாளராகவும் ஒலிப்பதிவுப் பொறியாளராகவும் பணியாற்றிய அவர், அறைகளின் எதிரொலியையே ஒரு கருவியாகப் பயன்படுத்தினார். ‘தி பாக்ஸர்’ பாடலின் கோரஸில் இடியாக விழும் ஹால் பிளேனின் டிரம் ஒலி, கொலம்பியா கட்டடத்தின் லிஃப்ட் அருகே நடைபாதையில் பதிவானது. அதே பாடலின் குரல்களில் ஒரு பகுதி கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செயின்ட் பால் தேவாலயத்தில் பதிவானது. எட்டுத் தடப் பதிவுக் கருவிகள் இரண்டை இணைத்து ஓட்டித்தான் அந்த அடுக்குகள் அனைத்தையும் ஒன்று சேர்த்தார்கள். ‘சிசிலியா’வின் தாளமோ இதற்கு நேர் எதிரானது. லாஸ் ஏஞ்சலஸில் வாடகைக்கு எடுத்திருந்த வீடு ஒன்றில் நண்பர்கள் கையாலும் தொடையிலும் தட்டி விளையாடியதை வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்து, அதில் ஒரு துண்டை வெட்டிச் சுழலவிட்டு அதன்மேல் பாடலைக் கட்டினார்கள். ‘எல் காண்டோர் பாசா’வில் ஆண்டிஸ் மலைப் பகுதி இசையை வாசிக்கும் லாஸ் இன்காஸ் குழுவினர் முன்பே பதிவு செய்திருந்த இசையின் மேலேயே குரல்கள் ஏற்றப்பட்டன. இப்படி ஒரே தட்டில் தேவாலயமும் வரவேற்பறையும் பழைய பதிவும் கலந்து கிடப்பதால், இங்கு ‘எந்தப் பதிப்பில் ஒலி நன்றாக இருக்கிறது’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. ஒரு பாடலை மெருகேற்றும் ரீமாஸ்டர், இன்னொரு பாடலின் டேப் இரைச்சலையும் முன்னுக்குக் கொண்டுவரும்.

பழைய எல்பியை ஆதரிப்பவர்களின் வாதத்தில் ஏக்கத்தைத் தாண்டிய ஒரு தொழில்நுட்ப நியாயமும் இருக்கிறது. இசைத்தட்டில் வெளி விளிம்பில் ஊசியின் கீழ் தடம் வேகமாக ஓடும். மையத்தை நெருங்க நெருங்க வேகம் குறைந்து ஒலி சிதைய வாய்ப்பு அதிகரிக்கும். இந்தத் தொகுப்பில் மெல்லத் தொடங்கிப் பெரும் முழக்கத்தில் முடியும் பாடல்கள் இரண்டு: தலைப்புப் பாடலும் ‘தி பாக்ஸரு’ம். ஒன்று முதல் பக்கத்தின் தொடக்கத்திலும் மற்றொன்று இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்திலும் இருக்கின்றன. இரண்டு பக்கங்களும் முடிவது அடக்கமான பாடல்களில். எல்பிக்கென்றே வரிசைப்படுத்தப்பட்டது போல அமைந்த இந்த ஏற்பாடு சிடியில் பொருளிழந்துவிடுகிறது. ‘சோ லாங், ஃபிராங்க் லாயிட் ரைட்’ தேய்ந்து மறைந்த கணத்திலேயே ‘தி பாக்ஸர்’ தொடங்கிவிடுகிறது. தட்டைத் திருப்பும் இடைவெளி இந்தப் பாடலுக்கு அவசியம் என்று கூறுபவர்கள் பக்கம் நானும் இருக்கிறேன். கோடிக்கணக்கில் விற்ற தட்டு என்பதால் பழைய பிரதிகள் அரிதானவை அல்ல. அமெரிக்க அச்சில் கே.சி.எஸ். 9914 என்ற எண் உள்ளவை ஆரம்ப கால வெளியீடுகள். அதிகம் விற்ற தட்டு என்பதாலேயே அதிகம் ஓட்டப்பட்டுத் தேய்ந்த பிரதிகளும் மிகுதி. குறிப்பாகத் தலைப்புப் பாடலின் அமைதியான பியானோ முன்னுரை தேய்மானத்தை உடனே காட்டிக்கொடுத்துவிடும். வாங்குமுன் கேட்டுப் பார்க்க முடிந்தால் அந்த முதல் அரை நிமிடம் போதும். பழைய உறையில் ‘எல் காண்டோர் பாசா’வின் மெட்டு பெருவிய நாட்டுப்புற இசையாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். அது டேனியல் அலோமியா ரோப்லெஸ் 1913இல் அமைத்த இசை என்று அவருடைய மகன் வழக்குத் தொடுத்து நிறுவினார். பின்வந்த பதிப்புகளில் அவர் பெயர் இடம்பெறுகிறது. இந்த ஒரு விஷயத்தில் மறுவெளியீடுகள் மூலத்தைவிட நேர்மையானவை.

2001 ரீமாஸ்டரைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. ‘ஃபியூயேஸ்-ஓ’ என்ற ஹைட்டி நாட்டுப்புறப் பாடலின் டெமோவும் (முன்னோட்டப் பதிவு), தலைப்புப் பாடலின் ஆறாவது டேக் (பதிவு முயற்சி) டெமோவும் அதில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. முதலாவதைக் கார்ஃபங்கல் 1973இல் தன் தனித் தொகுப்பில் வேறு வடிவில் பாடினார் என்பதைத் தவிர அதற்குப் பெரிய சிறப்பு இல்லை. இரண்டாவது மதிப்புள்ளது: தந்திக் கருவிகளின் பெருக்கு வந்து சேர்வதற்கு முன் அந்தப் பாடல் எப்படி நின்றது என்பதை அது காட்டுகிறது. முடிவில் வரும் பிரமாண்டம் மிகை என்று கருதும் கேட்பவர்கள் பலர் இந்த டெமோவையே விரும்புகிறார்கள். பிரமாண்டம் பாடலுக்குத் தேவை என்பது என் கருத்து. மூன்றாவது பத்தியைச் சைமன் பின்னர்தான் எழுதிச் சேர்த்தார். அந்தப் பத்தி ஏற்றத்தைக் கேட்கும் பத்தி. ஆனால் இந்தக் கூடுதல் பாடல்கள் வைக்கப்பட்ட இடம் தவறு. ‘சாங் ஃபார் தி ஆஸ்கிங்’ முடிந்து மௌனம் நிலவ வேண்டிய இடத்தில் ஒரு டெமோ தொடங்குவது, விடைபெற்றுச் சென்றவர் மறந்துவைத்த குடையை எடுக்கத் திரும்பி வருவதைப் போலிருக்கிறது. தனித் தட்டில் வைத்திருக்கலாம். மற்றபடி, எளிதில் கிடைப்பதும் செலவு குறைந்ததும் இந்தப் பதிப்பே. பதினொன்றாவது பாடலோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு உள்ளவருக்கு இது போதுமானது.

விவாதத்தின் மையம் 2011 பதிப்பு. தொகுப்புடன் ‘லைவ் 1969’ என்ற நேரடிப் பதிவும், ஒரு டிவிடியில் ‘சாங்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியும் ‘தி ஹார்மனி கேம்’ என்ற புதிய ஆவணப்படமும் இதில் இருக்கின்றன. இதை எதிர்ப்பவர்களின் முதல் வாதம் வணிகம் சார்ந்தது: ‘லைவ் 1969’ அதற்குச் சற்று முன்புதான் தனியாக வெளியிடப்பட்டு விற்பனைக்கு வந்திருந்தது, அதை வாங்கிய ரசிகர் அதையே மறுபடியும் வாங்க வேண்டியிருக்கிறது. இந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. நாற்பதாம் ஆண்டுக்கென்று பெட்டி போடுகிறவர்கள் ஸ்டுடியோ அறையில் மிச்சமிருந்த டேக்குகளைத் தந்திருக்கலாமே என்ற கேள்விக்கும் நல்ல பதில் இல்லை. 2001இன் டெமோக்களைத் தொடக்கமாகக் கொண்டு இன்னும் ஆழமாகத் தோண்டும் பதிப்பு ஒன்றைத்தான் பலர் எதிர்பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்ததோ வெளியிலிருந்து பார்க்கும் பார்வை.

ஆனால் அந்த வெளிப்பார்வைதான் இந்தப் பெட்டியின் பலம் என்று நான் கருதுகிறேன். ‘லைவ் 1969’ பதிவான சுற்றுப்பயணம், தொகுப்பு வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்னர் நடந்தது. ஸ்டுடியோவில் வாசித்த லாரி நெக்டெல், ஜோ ஆஸ்பார்ன், ஹால் பிளேன், ஃபிரெட் கார்ட்டர் ஆகியோரே மேடையிலும் வாசித்தார்கள். இன்று திருமணங்களிலும் இரங்கல் கூட்டங்களிலும் பாடப்பட்டுத் தேய்ந்துபோன தலைப்புப் பாடலை, அதை ஒருபோதும் கேட்டிராத ஒரு கூட்டம் முதன்முறையாகக் கேட்பதை நாம் கேட்கிறோம். கார்ஃபங்கல் பாடி முடித்ததும் எழும் கரவொலி சம்பிரதாயமானது அன்று. சைமன் எழுதிய பாடலுக்குக் கார்ஃபங்கல் தனியே நின்று பாராட்டைப் பெறுகிறார். பிற்காலப் பேட்டிகளில் சைமன், மேடையோரம் நின்று அந்தக் கைதட்டலைக் கேட்கும்போது அது தன்னுடைய பாடல் என்ற எண்ணம் எழுந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அதை அறிந்த பின் இந்தப் பதிவைக் கேட்பவருக்கு, இரட்டையர் பிரிந்த காரணத்தை விளக்க வேறு எந்தக் கட்டுரையும் தேவைப்படாது. இத்தனைக்கும், பாடலைக் கார்ஃபங்கல்தான் பாட வேண்டும் என்று முதலில் வற்புறுத்தியவர் சைமன். சைமனே பாடட்டும் என்று தயங்கியவர் கார்ஃபங்கல்.

நேரடிப் பதிவிலுள்ள பதினேழு பாடல்களில் இந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை ஐந்து மட்டுமே என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். ‘சிசிலியா’ இல்லை, ‘எல் காண்டோர் பாசா’ இல்லை, ‘தி ஒன்லி லிவிங் பாய் இன் நியூயார்க்’கும் இல்லை. எதிரொலி அறைக்குள் நின்று பலமுறை பாடி அடுக்கிய குரல்களை மேடையில் இருவர் மட்டும் நிகழ்த்துவது எப்படி? கிடைத்த ஐந்தில் ‘சோ லாங், ஃபிராங்க் லாயிட் ரைட்’ ஸ்டுடியோ வடிவத்துக்கு ஈடாக நிற்கிறது. ‘ஒய் டோன்ட் யூ ரைட் மீ’ ஸ்டுடியோவில் இருந்த பாரம் இல்லாமல் உயிரோட்டமாக ஒலிக்கிறது. அதை நிரப்புப் பாடல் என்று ஒதுக்குபவர்கள் இந்த வடிவத்தை ஒருமுறை கேட்க வேண்டும்.

‘சாங்ஸ் ஆஃப் அமெரிக்கா’ 1969 நவம்பர் 30 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இயக்கியவர், பின்னாளில் நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட சார்லஸ் குரோடின். இனிய பாட்டுக் கச்சேரியை எதிர்பார்த்து விளம்பர ஆதரவு தந்திருந்த ஏடி அண்ட் டி நிறுவனம், வியட்நாம் போரும் வறுமையும் தொழிலாளர் போராட்டமும் நிறைந்த படத்தைக் கண்டு விலகிக்கொண்டது. தலைப்புப் பாடல் ஒலிக்கும்போது திரையில் ஜான் கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ஆகியோரின் காட்சிகளும், ராபர்ட் கென்னடியின் உடலைச் சுமந்து சென்ற ரயிலும் வருகின்றன. ஆறுதல் பாட்டாக மட்டும் அறியப்பட்ட ஒன்று, 1968இன் கொலைகளுக்குப் பின் ஒரு நாடு கேட்ட பாட்டாக மாறிவிடுகிறது. கார்ஃபங்கல் மறுத்த அந்தப் பன்னிரண்டாவது பாடலின் அரசியல் தொகுப்பிலிருந்து எப்படி வெளியேறியது என்ற கேள்வியும் இந்தப் படத்தைப் பார்த்த பிறகு வேறு விதமாக எழுகிறது. படம் சீரானது என்று சொல்ல மாட்டேன். இருவரும் காரில் பேசிக்கொண்டே போகும் காட்சிகள் நீள்கின்றன. ‘தி ஹார்மனி கேம்’ அதைவிட ஒழுங்கானது. சைமன், கார்ஃபங்கல், ஹேலி மூவரும் பாடல்கள் உருவான விதத்தைச் சொல்கிறார்கள். ஆனால் வயதானவர்கள் பழைய மனத்தாங்கலை மென்மைப்படுத்திச் சொல்லும் படம் அது. உண்மையின் சூடு 1969இன் படத்தில்தான் இருக்கிறது.

மொபைல் ஃபிடெலிட்டியின் இரட்டை எல்பி இவை எவற்றோடும் ஒப்பிடத் தகாத வேறு பொருள். வழக்கமாக எல்பி அச்சிடும்போது இடையில் வரும் வார்ப்பு நிலைகளைக் குறைத்து, மூலத் தகட்டுக்கு நெருங்கிய நிலையிலிருந்தே தட்டுகளை அச்சிடும் முறையில் இது தயாரிக்கப்பட்டது. அதனால் குறைந்த எண்ணிக்கையிலேயே வெளியானது. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. 45 சுழற்சியில் தடம் வேகமாக ஓடுவதால் நுணுக்கம் கூடுகிறது என்பது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலை, முப்பத்தேழு நிமிடத் தொகுப்பு நான்கு பக்கங்களாக உடைந்து, பத்து நிமிடத்திற்குள் ஒருமுறை எழுந்து தட்டை மாற்ற வேண்டியிருப்பது. இரண்டு பக்க வரிசையின் அழகைப் புகழ்ந்துவிட்டு இதையும் புகழ என்னால் இயலவில்லை. மேலும், முழுக்க அனலாக் (ஒலியை எங்கும் டிஜிட்டல் எண்களாக மாற்றாத முறை) என்று ரசிகர்கள் நம்பியிருந்த வெளியீடுகள் பலவற்றில் டிஜிட்டல் கட்டம் இருந்ததை அந்நிறுவனம் 2022இல் ஒப்புக்கொண்டது. காதுக்கு நன்றாக ஒலிக்கும் தட்டு அதனால் மோசமாகிவிடாது. ஆனால் அனலாக் தூய்மைக்கென்றே கூடுதல் விலை தர எண்ணுபவர், குறிப்பிட்ட வெளியீட்டின் தயாரிப்பு விவரத்தைச் சரிபார்க்காமல் வாங்கக் கூடாது.

தொகுப்பை இதுவரை முழுதாகக் கேட்டிராதவர் 2011 பெட்டியில் தொடங்க வேண்டாம். 2001 சிடியோ, இணையத்தில் கிடைக்கும் பதினொரு பாடல் வடிவமோ அவருக்குப் போதும். ஒலிபெருக்கியும் தட்டுச் சுழலியும் வைத்திருப்பவர் தேயாத பழைய பிரதி ஒன்றைப் பொறுமையாகத் தேடலாம். அதே ஒலிக்காக மொபைல் ஃபிடெலிட்டிக்குப் பல மடங்கு கொடுப்பது, நான்கு பக்க வரிசை தொந்தரவு செய்யாதவருக்கு மட்டுமே ஏற்றது. தொகுப்பை மனப்பாடமாக அறிந்தவருக்கு நான் சொல்வது 2011 பெட்டியைத்தான், அதுவும் டிவிடிக்காக. ‘லைவ் 1969’ஐ ஏற்கெனவே வைத்திருப்பவர் என்றால் கணக்கு மாறுகிறது. அவர் வாங்குவது உண்மையில் ஒரே ஒரு டிவிடிதான். எனவே முழு விலைக்குப் புதிய பெட்டியை வாங்காமல், பழைய இசைத்தட்டுக் கடைகளில் டிவிடி கீறல் இல்லாமல் இருக்கும் பயன்படுத்திய பிரதி கிடைக்கும் வரை காத்திருக்கலாம். உறை நசுங்கியிருந்தாலும் கையேடு தொலைந்திருந்தாலும் அவருக்கு இழப்பு ஏதுமில்லை.